ஐயாவின் வில்லையும் மகளின் கமராவும்

(சங்கத்தின் ஒளிப்பட வகுப்புத் தொடக்க நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச்சாளர் என்று அறிவித்து விட்டார்கள். நான் பேச்சாளர் இல்லை. பின்மார்க்கில் நாலு வருடம் மீன் வெட்டினவன். பிறகு ஒஸ்லோவில் ஓய்வு எடுக்கும் வரை பஸ் ஓட்டினவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவன். அவ்வளவுதான் தகுதி.

இந்த வகுப்புப் பற்றி அறிவித்ததிலிருந்து எனக்கு வருகிற ரெலிபோன் அழைப்புகளில் எல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணை, பிள்ளைக்கு மிரர்லெஸ் கமரா ஒண்டு வாங்கிக் குடுத்தனான். அதுக்கு அந்தக் கம்பனியின்ரை வில்லைதான் வாங்க வேணுமோ? பழைய வில்லையை அடப்டர் போட்டுப் பூட்டலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். உண்மையோ?"

உண்மை. ஆனால் நீங்கள் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூ, பாசி, மரப்பட்டை, உறைந்த நீர், மலை, இப்படி ஒரு இடத்தில் நிற்கிறதுக்குப் பழைய வில்லை தாராளமாகப் போதும். பறக்கிறதுக்கும் ஓடுகிறதுக்கும் கமராவின் சொந்த வில்லை வேண்டும். இதை அறிய எனக்குப் பதினாலு வருடம் பிடித்தது. நீங்கள் தேத்தண்ணி ஆறுகிறதுக்குள் அறிந்துகொண்டு போங்கோ.

எங்கடை ஐயா சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். கலியாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம், இவைதான் தொழில். 1974 இல் கொழும்புக்குப் போய் ஒரு பென்ராக்ஸ் கமராவைப் பாவித்த விலைக்கு வாங்கி வந்தார். அதில் இருந்த வில்லையின் பெயர் சுப்பர் டக்குமார். 55 மில்லிமீற்றர், எஃப் 1.8. பெயரைக் கேட்டால் எங்கடை ஊர்ப் பெடியன் ஒருவனின் பெயர் மாதிரி இருக்கும். சின்னனில் நாங்கள் அதைக் "குமார்" என்றுதான் சொல்லுவோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அன்று நடந்து வந்தவர்களே இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஐயா சைக்கிளில் அரிசியையும் அம்மாவின் உடுப்புப் பையையும் கட்டினார். கமராப் பெட்டி பாரம். வில்லையை மட்டும் கழற்றி, சாரத்துக்குள் சுற்றி, பைக்குள் வைத்தார். அடுத்த வருடம் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கடைக்குள் ஒன்றும் இல்லை. கமரா இல்லை, விளக்குகள் இல்லை, இருபது வருடத்து நெகட்டிவ் ஒன்றுகூட இல்லை.

2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு என்ரை மச்சான் ஊருக்குப் போய் வந்தார். ஐயா அந்த வில்லையை அவரிடம் கொடுத்து விட்டார். "தம்பி அங்கை படம் எடுக்கிறவன்தானே, அவனுக்கு உதவும்" என்று சொன்னாராம்.

என்னிடம் அப்போது இருந்தது நிக்கொன். இரண்டையும் பூட்டுகிறதுக்கு ஒரு வளையம் வாங்கினேன். பூட்டிப் பார்த்தால் மேசையில் இருக்கிற கோப்பை தெளிவாகத் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம் தெரியவில்லை. எவ்வளவு திருப்பினாலும் மூன்று மீற்றருக்கு அங்கால் எல்லாம் புகார். வில்லை பழுதாகி விட்டது என்று நினைத்தேன். வில்லையில் ஒரு பிழையும் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

இனிமேல் கொஞ்சம் கணக்கு. பிள்ளைகள் கவனியுங்கோ.

வில்லை வந்து பொருந்துகிற இடத்துக்கும், உள்ளே பில்ம் அல்லது சென்சர் இருக்கிற இடத்துக்கும் இடையில் ஒரு தூரம் உண்டு. ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு அளவு வைத்திருக்கிறது. பழைய கமராக்களில் அந்த இடைவெளிக்குள் ஒரு ஆடி சரிவாக நிற்கும். படம் எடுக்கும்போது அது மேலே எழும்பும். "டக்" என்று கேட்கிற சத்தத்தில் பாதி அதுதான். அது எழும்ப இடம் வேண்டும் என்பதால் இடைவெளியைப் பெரிதாக வைத்தார்கள். ஐயாவின் திருகு வில்லைக்கு 45.46 மில்லிமீற்றர். நிக்கொனுக்கு 46.5. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்தான். ஆனால் வில்லை தான் இருக்க வேண்டிய இடத்தை விட ஒரு மில்லிமீற்றர் முன்னுக்கு நின்றால் போதும், தூரம் முழுக்கத் தொலைந்து போகும். நடுவில் ஒரு கண்ணாடி வைத்த வளையமும் விற்கிறார்கள். அதைப் போட்டால் தூரம் வரும், படத்தின் தரம் குறையும்.

மிரர்லெஸ் கமராவில் அந்த ஆடி இல்லை. 2008 இல் பனசொனிக் இப்படியான கமராவை விற்பனைக்கு விட்டது. 2010 இல் சொனி வந்தது. 2018 இல் நிக்கொனும் கனொனும் தங்கள் பெரிய சென்சர்க் கமராக்களில் இதற்கு மாறினார்கள். ஆடி போனதால் இடைவெளி சுருங்கி விட்டது. சொனிக்கு 18 மில்லிமீற்றர், பூஜிக்கு 17.7, நிக்கொன் இசெட்டுக்கு 16, கனொன் ஆர்எஃப்புக்கு 20. இப்போது கணக்குப் பாருங்கோ. 45.46 இலிருந்து 18 ஐக் கழித்தால் 27.46. அந்த உயரத்தில் ஒரு வெறும் வளையம் செய்தால், ஐயாவின் வில்லை சொனிக் கமராவில் தான் பழகின அதே தூரத்தில் நிற்கும். வளையத்துக்குள் கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை. காற்றுத்தான் இருக்கிறது. அதனால் படத்தில் ஒன்றும் குறையாது.

மறுவளமாகச் செய்ய ஏலாது. மிரர்லெஸ் வில்லையைப் பழைய கமராவில் பூட்டினால் தூரத்தைக் காட்டாது. இல்லாத இடைவெளியை வளையத்தால் உண்டாக்கலாம், இருக்கிற இடைவெளியைக் குறைக்க முடியாது.

சரி, கதைக்கு வருவம். 2002 இலிருந்து அந்த வில்லை என்ரை அலுமாரிக்குள், குளிர்கால உடுப்புக்குக் கீழே கிடந்தது. ஐயா ரெலிபோனில் கேட்பார்: "தம்பி, அந்த வில்லை எப்பிடி?" "நல்லாயிருக்கு ஐயா, அதாலைதான் எடுக்கிறனான்" என்பேன். பொய். சறம் சுற்றிக் காப்பாற்றின பொருளைப் பாவிக்க ஏலாமல் கிடக்குது என்று சொல்ல மனம் வரவில்லை. "ஒண்டை அனுப்பி விடன் பாப்பம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நிக்கொன் வில்லையால் எடுத்த பூப்படம் ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். அடுத்த முறை கதைக்கும்போது "படம் வந்தது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிற மனிசன் இல்லை அவர்.

2014 இல் மகள் கோடை விடுமுறை வேலைக் காசில் ஒரு சொனி ஏ6000 வாங்கினாள். ஒரு நாள் அலுமாரியில் வேறு எதையோ தேடப் போய், வில்லையைக் கண்டு, "அப்பா, இது என்ன?" என்றாள். சொன்னேன். இரண்டு கிழமையில் தபாலில் வளையம் வந்தது. இருநூறு குரோனருக்கும் குறைவு. பூட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். மரம் தெரிந்தது. மரத்துக்கு அங்கால் மற்றக் கட்டிடத்துப் பல்கனியில் காய்கிற உடுப்பும் தெரிந்தது.

படம் மட்டும் தேயிலைச் சாயம் ஊற்றினது மாதிரி மஞ்சளாக இருந்தது. அந்தக் காலத்துச் சில வில்லைகளின் கண்ணாடியில் தோரியம் சேர்த்திருக்கிறார்கள். அது மெல்லிய கதிரியக்கம் உள்ள பொருள். வருடக் கணக்கில் இருட்டில் கிடந்தால் கண்ணாடி மஞ்சளாகும். வழமையாகப் பாவிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் கண்ணாடியை உடைக்கவோ உரஞ்சவோ கூடாது. மஞ்சளுக்கு மருந்து வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் மெல்ல மெல்லப் போகும். ஜன்னலில் ஒரு மாதம் வைத்தோம். நோர்வேக் கோடையில் வெயிலுக்கு என்ன குறை! ஒரு எச்சரிக்கை: பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடி வையுங்கோ. திறந்து வைத்தால் வெயிலைக் குவித்து ஜன்னல் சீலையை எரித்துப் போடும்.

பழைய வில்லையைப் பூட்டுகிறவர்கள் செய்ய வேண்டிய சில காரியங்களைச் சொல்லுகிறேன், குறித்துக்கொள்ளுங்கோ.

கமரா அந்த வில்லையை அறியாது. "வில்லை இல்லை" என்று படம் எடுக்க மறுக்கும். மெனுவுக்குள் போய், வில்லை இல்லாவிட்டாலும் எடுக்க விடு என்று மாற்றி வைக்க வேண்டும். திருகு வில்லையின் பக்கத்தில் ஒரு சின்ன ஆளி இருந்தால் அதை "எம்" பக்கம் தள்ளுங்கோ. இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் உள்ளே துவாரம் சுருங்காமல் இருக்கும். உங்கள் கமராவுக்குள்ளேயே நடுக்கம் தடுக்கிற வசதி இருந்தால், வில்லை 55 மில்லிமீற்றர் என்று நீங்களே கையால் பதிந்து விட வேண்டும். போகஸ் கையால்தான். அதற்கு இரண்டு உதவி இருக்கிறது. தெளிவான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டுகிற வசதி ஒன்று, அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற வசதி மற்றது. நிறத்தை மட்டும் நம்பாதேங்கோ, பெரிதாக்கிப் பாருங்கோ. மலிவு வளையங்கள் கொஞ்சம் கட்டையாக இருக்கலாம். அப்படியென்றால் வில்லையில் உள்ள தூரக் குறி சரியாக இராது. குறியைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துத் திருப்புங்கோ.

2015 சித்திரை மாதம் நானும் மகளும் ஏக்கபெர்க் சரிவுக்குப் போனோம். சருகுக்குள் இருந்து புளோவைஸ் பூத்திருந்தது. உள்ளங்கையில் நாலைந்து கொள்ளக்கூடிய நீலப் பூ. எங்களுக்கு வருடம் பிறக்கிற நேரத்தில்தான் அதுவும் பிறக்கும். ஐயாவின் வில்லை 45 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போகாது. அதற்குக் கைமருந்து, வில்லைக்கும் வளையத்துக்கும் இடையில் 10 மில்லிமீற்றர் நீட்டுக் குழாய் ஒன்று. நிக்கொனில் எனக்குத் தூரத்தைக் கெடுத்த அதே விஷயம், இங்கே வேண்டுமென்று செய்கிறோம். வில்லை முன்னுக்குப் போனால் தூரம் போய், கிட்டவுள்ளது பெரிதாகத் தெரியும்.

ஈரச் சருகில் குப்புறப் படுத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் ஒரு பூவோடு கிடந்தோம். மூச்சு விட்டால் போகஸ் போய்விடும். மகள் வளையத்தைத் திருப்ப, நான் தொப்பியால் காற்றை மறித்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை தகப்பனோடு அவ்வளவு நேரம் இருந்தது அந்த வருடத்தில் அது முதல் தடவை. கனக்கக் கதைக்கவில்லை. "கொஞ்சம் இடப்பக்கம்", "காத்து வருது, பொறு", அவ்வளவுதான்.

அந்தப் படத்தை ஊரில் இருக்கிற மருமகளின் ரெலிபோனுக்கு அனுப்பினோம். அவள் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அன்று பின்னேரம் ஐயாவே எடுத்தார்.

"தம்பி, இது என்ரை வில்லை" என்றார்.

"ஓம் ஐயா."

"இதுதான் என்ரை வில்லை. பின்னாலை நிக்கிற பூவிலை வெளிச்சம் கூடிப் போச்சு. அரைவாசி குறைச்சிருக்க வேணும்."

முதல் அனுப்பின படத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபது வருடம் ஒரே வில்லைக்குப் பின்னால் நின்றவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? 2017 இல் ஐயா காலமானார். அதற்கிடையில் அவருக்கு முப்பதுக்கு மேல் படம் அனுப்பினோம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பிழை சொன்னார்.

இனிப் பறவைக்கு வருவம். பூவில் கிடைத்த வெற்றி தலைக்கு ஏறி, பாடசாலை வாத்தியக் குழு ஒன்று நடத்தின லொப்பெமார்க்கெட்டில் ஒரு பழைய 300 மில்லிமீற்றர் வில்லை வாங்கினேன். இரும்புக் குழாய் மாதிரி பாரம். 2016 வசந்தத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஓஸ்தன்ஷோ ஏரிக்குப் போனோம். அங்கே கொண்டை முக்குளிப்பான் கூடு கட்டும். ஊர்க் குளங்களில் பார்த்த முக்குளிப்பானின் பெரிய சொந்தக்காரன். சோடி சேருகிற காலத்தில் இரண்டும் எதிரெதிரே நின்று தலையை ஆட்டும். சில வேளை வாயில் பாசியைக் கவ்விக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து நிற்கும். சில நொடிதான்.

அந்தச் சில நொடி வந்தது. நான் வளையத்தைத் திருப்பி முடிக்க இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அன்று நூற்று நாற்பது படம் எடுத்தேன். தேறினது இரண்டு. இரண்டிலும் பறவை சும்மா மிதந்துகொண்டிருந்தது. மகள் என் கமராவை விடச் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் மாதிரி நின்றாள். 210 மில்லிமீற்றர் வரை போகிற, சொனியின் சொந்தமான, விலை குறைந்த வில்லை. அவளின் படத்தில் பறவைகள் சின்னன்தான். ஆனால் கண் தெளிவு, பாசியில் சொட்டுகிற தண்ணீர் தெளிவு.

காரணம் இதுதான். சொந்த வில்லையின் பின்பக்கத்தில் பொன் நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் வழியாகக் கமராவும் வில்லையும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கும். "பறவை கிட்ட வருது, கொஞ்சம் திருப்பு" என்று கமரா சொல்ல, வில்லைக்குள் இருக்கிற மோட்டர் உடனே திருப்பும். நடுக்கத்தையும் வில்லையே பிடிக்கும். 2020 இல் வந்த கனொன் ஆர்5, 2021 இல் வந்த சொனி ஆல்பா 1 போன்ற கமராக்கள் பறவையைத் தாங்களாகவே அடையாளம் கண்டு பின்தொடரும். வெறும் வளையம் போட்டால் இந்தக் கதை எல்லாம் நின்று விடும்.

இடையில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கனொன் தன்ரை பழைய இஎஃப் வில்லைகளைப் புதிய ஆர்எஃப் கமராவில் பூட்டத் தானே வளையம் விற்கிறது. அதில் மின்சாரத் தொடர்பு இருப்பதால் 1987 இலிருந்து வந்த அந்த வில்லைகள் தானாகவே போகஸ் செய்யும். நிக்கொனும் அப்படி வளையம் வைத்திருக்கிறது. ஆனால் அதற்குள் மோட்டர் இல்லை. மோட்டர் உள்ள நிக்கொன் வில்லை தானாக வேலை செய்யும். கமராவின் மோட்டரை நம்பி இருந்த பழைய வில்லைகளைக் கையால்தான் திருப்ப வேண்டும். வீட்டில் இந்த வில்லைகள் இருக்கிறவர்கள் விற்கிறதுக்கு முன்னம் என்னோடு ஒருக்கால் கதையுங்கோ. ஒரு மாதச் சம்பளம் மிஞ்சலாம்.

லொப்பெமார்க்கெட்டில் வாங்குகிறவர்கள் வில்லையை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கோ. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சணம், வையுங்கோ. துவாரத் தகடுகளில் எண்ணெய் மினுங்கினாலும் வேண்டாம். வளையம் மெழுகு மாதிரி வழுக்கித் திரும்ப வேண்டும்.

குளிரில் இருந்து வீட்டுக்குள் வரும்போது, வெளியிலேயே கமராவைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு வாருங்கோ. இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும். இரண்டாவது பற்றரியை உள்சட்டைப் பைக்குள் வையுங்கோ. மிரர்லெஸ் கமரா பற்றரி தின்னும், குளிர் இன்னும் தின்னும்.

இன்னும் ஒன்று. இந்த நாட்டில் காட்டுக்குள் எவரும் நடக்கலாம் என்ற உரிமை 1957 இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. அதோடு கடமையும் இருக்கிறது. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஓகஸ்ட் 20 வரை நாயைக்கூடக் கட்டித்தான் கொண்டு போக வேண்டும். குஞ்சு பொரிக்கிற காலம். ஒரு படத்துக்காகக் கூட்டுக்குக் கிட்டப் போகிற பிள்ளை என்ரை வகுப்பில் இருக்க ஏலாது. பூவையும் பிடுங்காதேங்கோ.

செயலாளர் தம்பி, எங்கடை புலம்பெயர்ந்த வாழ்க்கையையும் இந்த வளையத்தையும் சேர்த்து இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டவர். அந்தக் கெட்டித்தனம் எனக்கு இல்லை. வில்லை வந்தது, பதின்மூன்று வருடம் கழித்து அதன் படம் ஐயாவிடம் போனது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏக்கபெர்க்கில் சந்திப்போம். ஐயாவின் வில்லையைக் கொண்டு வருவேன். ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தன் கையால் பூட்டி ஒரு படம் எடுக்க வேண்டும். விழுத்தாதேங்கோ. பின்னாலை நிக்கிற பூவில் வெளிச்சம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.